பைரகாந்தா வேலி: பேட்டைத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூர்த் தீவின் வடக்குப் பக்கத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே ஒரு சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் பேட்டைக்குப் பேட்டை இப்படித் தோட்டங்கள் வந்துவிட்டன. இங்கே வெண்டை, கத்தரி, முருங்கை, எலுமிச்சை, பப்பாளி எல்லாம் உண்டு. கறிவேப்பிலை மட்டும் நான்கு இடத்தில். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், ஓய்வு பெற்றவர்கள்.

2023 சீனப் புத்தாண்டுக்குச் சற்று முன், இந்தத் தோட்டத்தின் பின்பக்கக் கம்பி வேலியை ஒட்டி, முள்ளும் ஆரஞ்சுப் பழக்கொத்தும் உள்ள குளிர்நாட்டுப் புதர்ச்செடியான பைரகாந்தாவில் 12 செடிகள் நடப்பட்டன. ஒன்றரை ஆண்டுக்குள் 4 செடிகள் செத்தன. மீதி 8 செடிகளும் நட்ட பிறகு ஒரு பூகூடப் பூக்கவில்லை. நடுவில் ஓர் உறுப்பினரின் விரலில் அறுவைச் சிகிச்சை வேறு. என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்லும்படி குழு என்னிடம் கேட்டது. அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடியிலும் குறையில்லை, வளர்த்தவர்களின் உழைப்பிலும் குறையில்லை. அந்தச் செடி பூத்துக் காய்க்க ஒரு குளிர்காலம் வேண்டும். அது இங்கே கிடையாது. வாங்கிய அன்றைக்கே, கிளையில் தொங்கிய பழங்களை வைத்தே இதைக் கணித்திருக்க முடியும். எப்படி என்று கீழே வருகிறது.

ஏன் இந்தச் செடி

பப்பாளிதான் காரணம். தோட்டத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடுப்பளவு கம்பி வேலி மட்டுமே. பழம் மஞ்சள் தட்டினால் மறுநாள் இருக்காது. பூட்டு, அறிவிப்புப் பலகை என்று யோசித்தார்கள். அக்கம்பக்கத்தாரைத் திருடர்கள்போல நடத்த யாருக்கும் மனமில்லை. முள் இருக்கும் ஓர் அழகான செடியை வேலியாக வைத்தால் கையும் வராது, மனமும் கோணாது என்று குழுவின் பொருளாளர் சொன்னார்.

அவர் சில காலம் லண்டனில் வேலை பார்த்தவர். அங்கே செங்கல் சுவரோடு சேர்த்துக் கம்பி கட்டிப் படரவிட்ட பைரகாந்தாவைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறார். மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கும்போது இது மட்டும் பச்சை இலையும் ஆரஞ்சுப் பழக்கொத்துமாக நிற்கும். சன்னலுக்குக் கீழே இதை வைத்தால் திருடன் ஏறமாட்டான் என்பது அங்கே பழைய நம்பிக்கை. லண்டன் காவல்துறையே வீட்டுப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கும் முட்செடிகளில் இதுவும் ஒன்று. ஆகவே யோசனை வெறும் ஆசையில் வந்ததல்ல. செடியின் வேலை என்ன என்பதைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்.

புத்தாண்டு நேரம் என்பதால் நர்சரிகளில் சிவப்பும் ஆரஞ்சுமாக எது இருந்தாலும் முன்வரிசையில் வைத்திருந்தார்கள். ஒரு நர்சரியில் தொட்டியில் பழம் குலுங்க நின்றது இந்தச் செடி. சீன மொழியில் பெயர்ச்சீட்டு. “வெயிலில் வை, நல்லா வரும்” என்று கடைக்காரர் சொன்னார். வெயிலைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

எந்தச் செடி, எந்த ஊர்ச் செடி

முதலில் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டியிருந்தது. சிவப்புப் பழம் என்றாலே எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்கும் பழக்கம் இங்கே உண்டு. புத்தாண்டுக்குக் குச்சி குச்சியாக, இலையே இல்லாமல் சிவப்பு மணிகளோடு விற்பது ஐலெக்ஸ் என்ற வேறொரு செடிப் பேரினத்தில் ஒன்று. இலையுதிர் வகை, முள் கிடையாது. கொட்டோனியாஸ்டர் பார்க்க மிக நெருக்கமாக இருக்கும். ஆனால் அதிலும் முள் இல்லை, இலை விளிம்பில் பல்லும் இல்லை. நம் செடியில் இலை நுனிப்பக்கம் அகன்றும் காம்புப்பக்கம் ஒடுங்கியும் இருந்தது, விளிம்பில் நுண்ணிய பற்கள், அடிப்பக்கம் வழவழப்பு, கிளைக்குக் கிளை நேரான கூர்முள். சீனாவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்த பைரகாந்தா ஃபார்ச்சூனியானாவோடு இது ஒத்துப்போகிறது. அங்கே இதைப் போன்சாய்போலக் குறுக்கித் தொட்டியில் வளர்ப்பது வழக்கம்.

பைரகாந்தா ரோஜாக் குடும்பம். ஆப்பிளும் பேரியும் இதன் உறவுகள். தெற்கு ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா வரை ஓர் இனம், இமயமலையில் ஓர் இனம், சீனாவில் பல, தைவானில் ஒன்று. இமயமலை இனத்துக்குக் குமாவூன் பக்கத்தில் கிங்காரு என்று பெயர். பழத்தை மலைப்பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். பழச்சதையால் பெரிய ஆபத்தில்லை. விதையில் மட்டும் ஆப்பிள் விதையில் உள்ளதுபோலச் சயனைடு தரும் பொருள் சிறிதளவு உண்டு.

இதன் ஆண்டுச் சக்கரம்தான் இந்த வழக்கின் மையம். வடக்கே மே, ஜூனில் வெள்ளைப் பூங்கொத்து. அதுவும் அந்த ஆண்டு விட்ட தளிரில் வராது, போன ஆண்டு முற்றிய குச்சியில்தான் வரும். பூ காயாகி, செப்டம்பர் அக்டோபரில் நிறம் ஏறும். பறவைகள் தின்று தீர்க்காவிட்டால் குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்கும். ஆக, பூவிலிருந்து பழுத்த பழம் வரை நான்கைந்து மாதம். ஜனவரியில் நம் நர்சரியில் தொங்கிய பழம், முந்தைய ஆண்டு நடுவில் வேறொரு நாட்டில் பூத்த பூ. நர்சரி வாங்கி வைத்ததைத்தான் தோட்டக்காரர்கள் பார்த்தார்கள். சிங்கப்பூர் வெயிலும் மழையும் அந்தப் பழத்தில் எதையும் செய்யவில்லை.

நட்ட பிறகு

சில வாரங்களில் பழங்கள் சுருங்க ஆரம்பித்தன. கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் பாதியைத் தின்றன, மீதி உதிர்ந்தது. யாரும் கவலைப்படவில்லை. பழம் என்றால் முடியத்தானே செய்யும்.

அப்புறம் செடிகள் கிடுகிடுவென வளர்ந்தன. நீள நீளமான தளிர்கள், பளபளக்கும் இலை, கட்டைவிரல் நீளத்துக்கு முள். எல்லோருக்கும் சந்தோஷம். கோழி எருக் குருணையை மாதாமாதம் போட்டார்கள். தளிர் நடைபாதைப் பக்கம் நீண்டால் உடனே கத்தரித்தார்கள். மேல்மட்டத்தையும் சீராக வெட்டினார்கள். வேலி பச்சைச் சுவராக நின்றது. பப்பாளிக்கும் அந்த ஆண்டு நல்ல காவல் என்று செயலாளர் சொன்னார்.

ஆண்டு இறுதி மழையில் தாழ்வான மூலையில் இருந்த செடிகள் வாடின. இலை தொங்கி, கிளை நுனி கறுத்தது. ஓர் உறுப்பினர் கைபேசியில் தேடிப் பார்த்து, இது தீக்கருகல் நோய், எல்லாவற்றையும் எரிக்க வேண்டும் என்று பதறிவிட்டார். பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. எர்வினியா அமிலோவோரா என்ற பாக்டீரியாவால் வரும் அந்த நோய் ஆப்பிள், பேரித் தோட்டங்களையே அழிக்கக்கூடியது, பைரகாந்தாவையும் தாக்கும். ஆனால் அது பெரும்பாலும் பூ வழியாக உள்ளே போகும். இங்கே பூவே இல்லை. நுனி கொக்கிபோல வளையவில்லை, கிளையில் பிசுபிசுப்பான கசிவும் இல்லை. செத்த செடியைத் தோண்டியதும் விடை கிடைத்துவிட்டது. வேர் கறுத்து, தோல் உரிந்து, சாக்கடை நாற்றம். சுற்றிலும் ஒட்டும் களிமண். நர்சரித் தொட்டி மண்ணோடு அப்படியே குழியில் இறக்கியிருந்தார்கள். களிமண் குழியில் தண்ணீர் வடியாமல் நின்றிருக்கிறது. செத்த நான்கும் அந்தத் தாழ்வான மூலையிலேயே இருந்தவை. மேட்டில் இருந்த ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. இது நோய்க் கதையல்ல, வடிகால் கதை.

பூ ஏன் வரவில்லை

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது. சந்தேகம் மூன்று பேர் மேல்: கத்தரிக்கோல், எரு, வானிலை.

கத்தரி மேல் சந்தேகம் வலுவானது. போன ஆண்டுக் குச்சியில் பூக்கும் செடியை மாதாமாதம் மட்டமாக வெட்டினால் பூக்க வேண்டிய குச்சியே மிஞ்சாது. இங்கிலாந்திலும் இதே தவறு சாதாரணம். அழகாகச் சதுரமாக வெட்டிய வேலியில் பழம் குறைவாகத்தான் இருக்கும். எருவும் குற்றவாளியாகலாம். தழைச்சத்து மிகுந்தால் இலையும் தளிரும்தான் பெருகும்.

ஆகவே 2024 நடுவில், உயிரோடிருந்த 8 செடிகளையும் பிரித்துக்கொண்டோம். மூன்று செடிகளை ஓர் ஆண்டு முழுக்கக் கத்தரி தொடாமல், கோழி எரு இல்லாமல் விட்டோம். மூன்றை வழக்கம்போலவே கவனித்தார்கள். மீதி இரண்டில் வேறொரு முயற்சி. அதற்கு யோசனை இந்தோனேசியாவிலிருந்து வந்தது. கிழக்கு ஜாவாவில் மலாங் பக்கம் பத்து என்ற மலையூரில் ஆப்பிள் விளைகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஆப்பிள்! அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுவார்கள். குளிர்காலம் வந்து இலை உதிர்ந்ததாக எண்ணி மரம் மொட்டுவிடும். ஆண்டுக்கு இருமுறைகூட அறுவடை உண்டு. ஆப்பிளின் உறவுக்காரச் செடி ஆயிற்றே, இதிலும் செய்து பார்க்கலாமே என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். “தம்பி, முள்ளுக்கு நடுவில் இலை உருவுவது என் பொறுப்பு” என்று கனத்த தோல் கையுறை போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்து உருவினார்.

ஓர் ஆண்டு கழித்து நிலைமை இது. கத்தரி தொடாத மூன்றும் ஆளுயரம் தாண்டி, குச்சி நன்றாக முற்றியிருந்தன. பூ இல்லை. வழக்கம்போல வளர்ந்த மூன்றிலும் இல்லை. இலை உருவியவை சீக்கிரமே புதுத் தளிர் விட்டன, அதிலும் இலை மட்டுமே. எட்டுச் செடியை வைத்து அறிவியல் முடிவு சொல்ல நான் வரவில்லை. ஆனால் கத்தரியும் எருவும் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், விட்டுப் பிடித்த மூன்றிலாவது நாலு பூ தலைகாட்டியிருக்கும்.

மிஞ்சுவது வானிலை. சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25. மிகக் குறைந்த வெப்பநிலையாக 1989இல் பதிவானதே 19 டிகிரிதான். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 9 நிமிடம். குளிரை எண்ணியும் பகலை அளந்தும் நாள் பார்க்கும் செடிக்கு இங்கே நாள்காட்டியே இல்லை. ரோஜாக் குடும்பத்தின் குளிர்நாட்டு மரங்களில் பல, மொட்டை உறங்கவைத்து, சில நூறு மணி நேரமாவது ஏழு டிகிரிக்குக் கீழே போன பிறகே எழுப்பும். ஜாவாவின் அந்த ஆப்பிள் மலையூரிலும் அவ்வளவு குளிர் இல்லை என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அது கடல்மட்டத்துக்கு மேலே ஆயிரம் மீட்டர் அளவில் இருக்கும் ஊர், இரவு நம்மைவிட எவ்வளவோ குளிர்ச்சி. அதோடு அங்கே பல பத்தாண்டுகளாக இலை உருவும் நேரம், நீர், எரு எல்லாவற்றையும் அந்த மரத்துக்கென்றே பழக்கிவைத்திருக்கிறார்கள். நம் வேலி ஓரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமில் 23 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டி மத்தியதரைக்கடல் நாட்டுச் செடிகளைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய கண்ணாடிக் கூடமும் இயந்திரமும் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

விரல்

பூக்காததை மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க முடியவில்லை.

2024 தொடக்கத்தில், அறுபதைத் தாண்டிய ஓர் உறுப்பினர் வெட்டிப்போட்ட கிளைகளைப் பைக்குள் அமுக்கும்போது ஆள்காட்டி விரல் மூட்டில் முள் குத்தியது. பருத்தி கையுறைதான் போட்டிருந்தார். முள்ளைப் பிடுங்கி, கழுவி, மறந்துவிட்டார். வலி குறைந்தது. சில வாரம் கழித்து மூட்டு வீங்கியது, காலையில் விரல் மடங்கவில்லை. வயதாகிவிட்டது, மூட்டுவாதம் என்று தைலம் தேய்த்திருக்கிறார். பலதுறை மருந்தகத்தில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை.

இங்கே தோட்டக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மரத்துண்டும் முள்ளும் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐயில்தான் தெரியும். முள் முனை உடைந்து மூட்டுறைக்குள் தங்கிவிட்டால் உடல் அதை விடாமல் எதிர்த்துக்கொண்டே இருக்கும். வீக்கம் சில நாளிலும் வரலாம், சில வாரம், மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் குத்தியதே மறந்துபோகும். பேரீச்சை, பனை வகைகள், பிளாக்தார்ன், பைரகாந்தா முட்கள் இதற்குப் பெயர் பெற்றவை. செடிகளில் வாழும் பான்டோயா அக்ளோமெரன்ஸ் என்ற பாக்டீரியாவும் முள்ளோடு சேர்ந்து உள்ளே போவதுண்டு. மாத்திரை மட்டும் போதாது, துண்டை எடுத்தாக வேண்டும்.

அவர் மகள்தான் டாக்டரிடம் “அப்பா தோட்டத்தில் முள்செடி வெட்டுகிறார்” என்று எடுத்துச் சொன்னார். அந்த ஒரு வரிக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அல்ட்ராசவுண்டில் துண்டு தெரிந்தது, சின்ன அறுவையில் எடுத்தார்கள். இப்போது விரல் மடங்குகிறது, முழுமையாக இல்லை. முள் குத்தி மூட்டுப் பக்கம் வலி நீடித்தால், எத்தனை வாரம் ஆகியிருந்தாலும், எந்தச் செடி குத்தியது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். தயவுசெய்து இதை உங்கள் குழுவில் வயதானவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வெட்டிய கிளை காய்ந்தாலும் முள் மழுங்காது, இன்னும் இறுகும். செருப்போடு பிள்ளைகள் ஓடும் நடைபாதையில் ஒரு துண்டு விழுந்தாலும் போதும். மாதாமாதம் கத்தரிக்க வேண்டிய இடத்தில் இந்தச் செடியை வைப்பதே ஆபத்து என்பது என் கருத்து. பழமே வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பதிலாக

2025 பிற்பகுதியில் குழு கூடி எட்டையும் எடுக்க முடிவு செய்தது. வேலையை முள் பழக்கமுள்ள ஒப்பந்தக்காரரிடம் விட்டார்கள். கிளையைப் பைக்குள் அமுக்காமல் தடித்த அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனார்கள்.

மாற்றுக்கு நான்கு செடிகள் பேச்சில் வந்தன. டுரான்டா முதலில் விழுந்தது. மஞ்சள் மணிபோலப் பழம் கொத்தாகத் தொங்கும், சிங்கப்பூரில் சுலபமாக வரும், ஆனால் பழம் நச்சு. பிள்ளைகள் வரும் தோட்டத்துக்கு வேண்டாம்.

டிரைஃபேசியா மேல் எனக்கு ஆசை இருந்தது. முள், எப்போதும் பச்சை, குட்டி எலுமிச்சைபோலச் சிவப்புப் பழம், தென்கிழக்காசியாவின் சொந்தச் செடி. குழு கேட்டதற்கு அச்சாக அதுதான் பொருந்தும். ஆனால் அது எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சையைக் ‘கிரீனிங்’ என்ற நோயால் கொல்லும் பாக்டீரியாவைச் சுமந்து திரியும் ஆசிய சில்லிட் பூச்சி அதில் தங்கி இனம்பெருக்கும். கறிவேப்பிலையிலும் அந்தப் பூச்சி வரும் என்பதால் இந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறோம். எலுமிச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு விடுதி கட்டித்தர வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எலுமிச்சை வகை எதுவும் இல்லாத தோட்டம் என்றால் நான் அதையே சொல்வேன்.

பின்பக்க வேலிக்குக் களாவைத் தேர்ந்தார்கள். பேச்சு களா என்று வந்ததும் கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் வேலியில் பறித்தது, உப்புப் போட்டு ஊறவைத்தது, ஊறுகாய் என்று ஆளுக்கொரு கதை. முள் இரண்டாகப் பிரிந்து கூர்மையாக இருக்கும், உடைத்தால் பால் வடியும், காய் வெளிர் சிவப்பில் தொடங்கிக் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். குளிருக்குக் காத்திருக்காமல் காய்க்கும். தண்ணீர் தேங்கினால் அதற்கும் பிடிக்காது. எனவே இந்த முறை களிமண்ணைக் கொத்தி, மணலும் மக்கும் கலந்து, ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி, தாழ்வான மூலையில் வடிகால் வாய்க்கால் வெட்டிய பிறகே நட்டார்கள். களாவின் முள்ளும் முள்தான். அதனால் நடைபாதையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி நட்டாயிற்று. கத்தரிக்கும்போது தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

நடைபாதையை ஒட்டி மால்பீகியா காக்சிஜெரா. உலகம் முழுக்கச் சிங்கப்பூர் ஹாலி என்று இதைக் கூப்பிடுகிறார்கள், சொந்த ஊர் கரீபியத் தீவுகள். தண்டில் முள் இல்லை, இலை விளிம்பில்தான் குத்தும் பற்கள். கால் பட்டால் உறுத்தும், உள்ளே உடைந்து தங்காது. இளஞ்சிவப்புப் பூ, சின்னச் சிவப்புப் பழம். மெதுவாக வளர்வதால் கத்தரி வேலையும் குறைவு.

பைரகாந்தாவில் ஒன்றை மட்டும் ஆசிரியை கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுச் சன்னல் பக்கம் ஆழமில்லாத தொட்டியில் போன்சாயாக வளர்க்கிறார். முள்ளை நுனி வெட்டிவிடுகிறார், வாரம் ஒருமுறை தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்க்கிறார். பூக்கும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு இல்லை. இலை அழகாக இருக்கிறது என்கிறார், அது உண்மை. புத்தாண்டுக்குப் பழத்தோடு வாங்க நினைப்பவர்களுக்கும் நான் சொல்வது இதுவே: பூச்செண்டு வாங்கும் கணக்கில் வாங்குங்கள், மேசையில் சில வாரம் வைத்து ரசியுங்கள், வேலிக்கு வேண்டாம்.

களா இப்போது முழங்கால் உயரம். வேலியாகப் பயன்பட இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும். அதுவரை பப்பாளிக்குப் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. பழுக்கும் பருவத்தில் குழு ஒரு காரியம் செய்கிறது: மஞ்சள் தட்டுவதற்கு முன்பே பறித்து, கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தால் உங்களுக்கும் கிடைக்கும் என்று செயலாளர் சொல்லச் சொன்னார்.